எள்ளலும் பிறர் உருவும்: துக்ளக் என்னும் பெயர் திருவரங்கத்திலும் திரையிலும்

அங்கதம் நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாக வைவது முன்னது; பழியைச் சொல்லுக்குள் மறைத்துக் கூறுவது பின்னது. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்த புறநானூற்றுப் பாட்டினைப் பின்னதற்குச் சான்றாக மாணவரும் காட்டுவர். இவ்விலக்கணம் சொல்லும் முறையைப் பற்றியது. எள்ளப்படுபவர் யார், அவர்க்குத் தம் குரலில் பேச இடமுண்டா என்னும் வினாக்களை அது எழுப்பவில்லை.

ஆயினும் மெய்ப்பாட்டியலில் அவ்வினாக்களுக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளல் முதலாவது. உரைகாரர் அதனை விளக்குங்கால், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என இரண்டாகப் பகுப்பர். இப்பகுப்பின் இரண்டாம் கூறு எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. எள்ளப்பட்டவனும் அவையிலிருந்து உடன் நகைக்க இயலுமாயின் அவ்வங்கதத்தில் அவனும் பங்காளன். இயலாதாயின் அவன் அதற்குக் கருவி மட்டுமே. இவ்வொன்றனையே அளவுகோலாகக் கொண்டு, சோ இராமசாமி எழுதி இயக்கி நடித்து 1971ஆம் ஆண்டு வெளிவந்த ‘முகமது பின் துக்ளக்’ என்னும் திரைப்படத்தை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

அதனைத் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் நின்று காண வேண்டும் என்பது நம் கருத்து. பிற ஊரார்க்குத் துக்ளக் என்பது பாடநூலில் வரும் ஒரு பெயர். தலைநகரை மாற்றினான், செப்பு நாணயம் அடித்தான், திட்டமிட்டவை எல்லாம் தலைகீழாயின என்ற அளவில் அவர்கள் அறிவு நின்றுவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் வாழ்வோர்க்கு அப்பெயர் அவ்வளவு எளிதன்று.

படத்திற்குள் செல்லுமுன் இரண்டு பழைய அங்கதங்களை நினைவுகூர்வது பயன்தரும். ஒன்று ஏதென்சு நகரத்தது. மற்றொன்று நம் மலைக்கோட்டையோடு தொடர்புடையது.

அரிஸ்டாபனிஸ் என்னும் கிரேக்க நாடகாசிரியர் கி.மு. 424இல் ‘குதிரை வீரர்’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். அன்று ஏதென்சில் செல்வாக்கின் உச்சியில் இருந்த கிளியோனை அவர் ஓர் அடிமையாக உருவகித்தார். அவ்வடிமையின் தலைவனாக வருபவன் டெமோஸ். அச்சொல்லுக்குக் குடிமக்கள் என்பது பொருள். மக்கள் திரளே முகத்துதியில் மயங்கும் ஒரு கிழவனாக மேடையில் வந்து அமர்ந்தது. அவையில் இருந்தவர் தம்மையே கண்டு தாமே நகைத்தனர். நாடகம் முதற்பரிசும் பெற்றது. உரைகாரர் கூறிய இரண்டாம் எள்ளலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உலக இலக்கியத்தில் அரிது. ஆனால் அதே ஆசிரியரின் நாடகங்களில் அயலார் நிலை வேறு. கி.மு. 425இல் நடந்த ‘அக்கார்னியர்’ நாடகத்தில் மெகாரா நகரத்தவன் தன் வட்டார மொழியைப் பேசியே நகைப்புக்கு ஆளாகிறான். கி.மு. 411ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் சிதிய நாட்டு வில்வீரன் கிரேக்கத்தைச் சிதைத்துப் பேசுகிறான். பெண்பாத்திரங்களையோ முகமூடி அணிந்த ஆடவரே நடித்தனர். தன்னைத் தானே நகைக்கும் உரிமை குடிமகனுக்கு இருந்தது. அடிமையும் அயலானும் பெண்ணும் நகைக்கப்படும் பொருளாக மட்டும் நின்றனர்.

மலைக்கோட்டையின் மேலைக் குடைவரையைக் குடைவித்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். அவனே ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி அங்கத நாடகத்தின் ஆசிரியன். கள்ளுண்டு களித்த காபாலி ஒருவன் தன் கபாலத்தை இழந்து, பௌத்தத் துறவியே அதனைத் திருடினான் எனப் பூசலிடுகிறான்; பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான்; கபாலத்தைக் கொண்டு சென்றதோ ஒரு நாய். காஞ்சியின் சமயப் பன்மை முழுவதும் அந்தச் சிறு நாடகத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறது. அறங்கூறவையத்தார் கையூட்டுக்கு வாயடைப்பர் என்ற ஏச்சும் அதில் உண்டு. நகைக்கு ஆளாகாதவன் ஒருவனே: அந்நகரத்தை ஆளும் அரசன். அவன்தானே நாடகத்தின் ஆசிரியன்! அங்கதம் எழுதுவோர் தாம் நிற்கும் இடத்தை மட்டும் தப்பவிடுவர் என்பதற்கு ஏழாம் நூற்றாண்டிலேயே நமக்குச் சான்று கிடைக்கிறது. குடைவரைக்கு ஏறும் படிகளில் இதனை எண்ணுவோர் சிலரே.

இனிப் படத்தின் கதை. சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவினர் 1968இல் இதனை நாடகமாக மேடையேற்றினர்; கன்னடத்தில் கிரீஷ் கர்னாடு 1964இல் எழுதிய ‘துக்ளக்’ நாடகத்தினின்று இது முற்றிலும் வேறானது. கர்னாடு பதினான்காம் நூற்றாண்டிலேயே நின்று தம் காலத்தைச் சுட்டினார். சோவோ பதினான்காம் நூற்றாண்டு மன்னனைத் தம் காலத்திற்கே அழைத்துவந்தார். துக்ளக்கும், அவன் அவையில் இருந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிருடன் எழுந்து வந்ததாக உலகம் நம்புகிறது. துக்ளக் தேர்தலில் வென்று இந்தியாவின் தலைமை அமைச்சன் ஆகிறான். கட்சி மாறித் தன்பால் வந்த உறுப்பினர் அனைவர்க்கும் துணைத் தலைமை அமைச்சர் பதவி அளிக்கிறான். மொழிச் சிக்கலைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறான். இறுதியில் வெளிப்படும் உண்மை: அவ்விருவரும் வரலாற்று மாந்தர் அல்லர்; அரசியலின் இழிநிலையை மக்களுக்கு எடுத்துக்காட்டும் பொருட்டு வேடம் பூண்ட இரு தமிழ் இளைஞர். உண்மையை வெளியிட்டு வேடம் கலைக்க வேண்டிய நாள் வரும்போது துக்ளக் வேடத்தான் பதவிச் சுவையில் மயங்கி மறுக்கிறான். உண்மையை உரைக்க முயன்ற பதூதா வேடத்தான் மக்கள் கையாலேயே மடிகிறான்.

பதவிகளைப் பற்றிய நகை காலத்தோடு பொருந்தியது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் வடமாநிலங்களில் உறுப்பினர் கட்சி மாறுதல் அன்றாடச் செய்தியாயிற்று. அதனைத் தடுக்கும் சட்டம் 1985இல்தான் வந்தது. இதனை விரித்தல் வேண்டா. நாம் நின்று நோக்க வேண்டியவை பெயரும் மொழியும்.

1323ஆம் ஆண்டு தில்லியிலிருந்து பெரும்படையுடன் தெற்கு நோக்கி வந்த இளவரசன் உலூக் கான். திருவரங்கம் அப்படையெடுப்பில் சூறையாடப்பட்டது. அவ்விளவரசனே இரண்டாண்டுகளில் முகமது பின் துக்ளக் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அரங்கத்து மரபு அந்நாளைப் பன்னீராயிரவர் தலை வீழ்ந்த நாளாக நினைவு வைத்திருக்கிறது. பிள்ளை உலகாசாரியர் அழகிய மணவாளரின் திருமேனியை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே சென்றார். முதுமையும் அலைச்சலும் தாங்காது மதுரைக்கு அருகே சோதிக்குடியில் உயிர் நீத்தார். திருமேனி பல இடங்களில் மறைந்திருந்து, திருமலையிலும் தங்கி, செஞ்சியை ஆண்ட கோபணாரியரின் முயற்சியால் 1371இல் மீண்டும் அரங்கம் புகுந்தது. அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் வடமொழிச் சுலோகங்கள் கோயிற் கல்வெட்டில் உள்ளன. அவை வேதாந்த தேசிகர் பாடியவை என்பது மரபு. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் மூலத்தானத்தின் உற்சவர் ஊரில் இல்லை. இரண்டு தலைமுறைகள் இறைவனைக் காணாமலே பிறந்து வளர்ந்தன.

இதனை அடுத்த கட்டமும் நம் மாவட்டத்தில்தான் நிகழ்ந்தது. துக்ளக்கின் ஆளுநனாக இருந்த சலாலுதீன் அசன் கான் 1335 அளவில் மதுரையில் தனியாட்சி நிறுவினான். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் 1342இல் கண்ணனூர்க் கொப்பத்தில், இன்றைய சமயபுரத்தின் அருகே, மதுரைச் சுல்தானின் படையால் தோற்கடிக்கப்பட்டுப் பின் கொல்லப்பட்டான். அவன் உடல் தோலுரிக்கப்பட்டு வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதைத் தன் கண்ணால் கண்டதாக எழுதியவன் மெய்யான இபின் பதூதா. அம்மதுரைச் சுல்தான் அவனுக்கு உறவினன்; பதூதா மணந்திருந்தது அசன் கானின் மகளை. ஆயினும் சுல்தானின் கொடுமைகளை அவன் மறைக்கவில்லை. அவற்றைக் கடிந்தே எழுதினான். இசுலாமியப் பயணி ஒருவன், தன் உறவினனான இசுலாமிய அரசனின் கொடுமையை எழுதிவைத்ததனால்தான் நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றன் முடிவு உலகுக்குத் தெரிந்தது என்பதை நினைவிற்கொள்க. படையெடுத்தோர், படையெடுக்கப்பட்டோர் என வரலாற்றை இரண்டாகக் கிழித்துப் பேசுவோர்க்குப் பதூதா இடையூறானவன்.

அச்சத்தால் நிறைந்த இந்நினைவுக்கு நடுவே திருவரங்கம் மற்றோர் உருவத்தையும் காத்து வைத்திருக்கிறது. அவள் துலுக்க நாச்சியார். கோயிலொழுகு கூறும் கதையின்படி, தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்ட அரங்கன் திருமேனியைச் சுல்தானின் மகள் தன் விளையாட்டுப் பொருளாகப் பெற்று அதனிடம் பேரன்பு பூண்டாள். கரம்பனூர்ப் பெண்ணொருத்தி தொடர்ந்து சென்று இடமறிந்து வந்து சொல்ல, கோயிற் கலைஞர் தில்லி சென்று சுல்தான் முன் ஆடிப் பாடி அவனை மகிழ்வித்துத் திருமேனியைப் பரிசாகப் பெற்றனர். பிரிவு தாங்காத இளவரசி பின்தொடர்ந்து வந்து அரங்கத்தில் உயிர் நீத்தாள். வாளால் பறிக்கப்பட்டதைக் கூத்தால் மீட்டனர் என்பது இக்கதையின் உள்ளீடு. நாடக ஆராய்ச்சி செய்வோர் இதனைப் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

அவளுக்குச் சிலையில்லை, சுவரோவியமாகவே விளங்குகிறாள். ரொட்டியும் வெண்ணெயும் அவள் பொருட்டுப் படைக்கப்படுகின்றன. குறித்த நாள்களில் பெருமாளுக்குக் கைலி சார்த்தப்படுகிறது. பிற சமயத்தாரின் உணவும் உடையும் கோயிலின் நடுவில் வழிபாட்டு முறையாக நிலைத்தன. இக்கதை வரலாறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வரலாறு அன்று எனினும், அடியுண்ட ஊர் தன்னை அடித்தவரின் இனத்தைச் சேர்ந்த ஒருத்திக்குத் தன் இறைவன் அருகில் இடம் கொடுத்தது என்பது மெய். எனினும் ஒன்று கூறாது விடல் நேர்மையன்று. அவளுக்கு இடம் கிடைத்தது அவள் அரங்கனைக் காதலித்தமையால். தன் சமயத்திலேயே நின்று வாழும் ஒருத்தியாக அவள் ஏற்கப்படவில்லை. தந்தையோ பெயரற்ற சுல்தானாகவே நின்றுவிடுகிறான்.

ஆக, படம் வருமுன்பே அப்பெயருக்கு இங்கு இரண்டு உருவங்கள் இருந்தன. ஒன்று அச்சம் தந்தது, மற்றொன்று அன்பு தந்தது. சோ மூன்றாவதாக நகையைச் சேர்த்தார். நகை அச்சத்தைத் தணிக்கும் என்பது உண்மை. பாடநூலில் கொடுங்கோலனாகவும் மடவோனாகவும் காட்டப்பட்டவன் படத்தில் அறிவுக்கூர்மை மிக்கவனாக வருகிறான். அவன் கையாளும் சூழ்ச்சிகளோ அவனுடையன அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்டோர் நாள்தோறும் செய்பவை. கொடுங்கோன்மை அயல்நாட்டிலிருந்து குதிரையேறி வந்த ஒன்று என்னும் ஆறுதலைப் படம் பறித்துவிடுகிறது. துக்ளக்கின் தலைப்பாகையை அகற்றினால் உள்ளே இருப்பவன் நம் தெருவில் வளர்ந்த இளைஞன். இதனினும் கூரிய பழிகரப்பைத் தமிழ்த் திரையில் யாம் கண்டதில்லை. ஆசிரியர் தாமே அவ்வேடத்தை ஏற்று நடித்ததையும் கருத வேண்டும். மகேந்திரவர்மன் தன்னைத் தப்பவிட்டான். சோ, நேர்மையாளன் ஒருவன் பதவியால் கெடுவதைத் தம் முகத்தாலேயே காட்டினார்.

ஆனால் அதே உத்தியில் ஓர் இழப்பும் உண்டு. துக்ளக்கும் பதூதாவும் வேடம் என்று தெரிந்த கணத்தில், கதையின் நடுவிலிருந்த இசுலாமியர் இருவரும் மறைந்துபோகின்றனர். எஞ்சுவது உடையும் பெயரும் பேச்சுச் சாயலுமே. திருச்சிராப்பள்ளியில் நத்தர் வலி தர்காவைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாக வாழும் தமிழ் பேசும் இசுலாமியர் அவையில் அமர்ந்து இப்படத்தைப் பார்க்கும்போது தம்மை எங்கே காண்பர்? தில்லி அரசனின் வேடத்திலா? அவர்கள் நகைக்கலாம், பலர் நகைத்தும் இருப்பர். ஆயினும் அவர்கள் நகைப்பது அரசியலாரைக் கண்டு. தம்மைத் தாமே கண்டு நகைக்கும் வாய்ப்பினைப் படத்தின் நடுக்கதை அவர்களுக்கு அளிக்கவில்லை. நம் அளவுகோலின்படி இது குறையே.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது ஒரு பாட்டு. அல்லாவைப் போற்றும் அப்பாடலை மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்துத் தாமே பாடினார். இயற்றியவர் திருவரங்கத்தில் வளர்ந்த வைணவர், கவிஞர் வாலி. துக்ளக்கின் படையால் அடியுண்ட ஊரின் பிள்ளை, துக்ளக்கின் பெயரால் அமைந்த படத்திற்கு, துக்ளக் தொழுத இறைவனைப் பாடினார். அப்பாட்டில் எள்ளல் சிறிதும் இல்லை, வேடமும் இல்லை. படம் முழுவதும் நகைக்க, அவ்வோரிடம் மட்டும் நகையைக் கைவிட்டு வணங்குகிறது. துலுக்க நாச்சியாரின் ஊரிலிருந்து அது வந்தது எதிர்பாராத பொருத்தம் என்றே கொள்வோம். அதற்குமேல் பொருள் ஏற்றுதல் மிகை.

மொழியைப் பற்றிய நகை இதனினும் கடினமானது. எவர்க்கும் தாய்மொழி அல்லாத ஒன்றை ஆட்சிமொழி ஆக்கினால் எவர்க்கும் மனக்குறை இராது என்பது துக்ளக்கின் வாதம். அனைவரையும் சமமாக இழக்கச் செய்து சமன்மை காண்பது! 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், 1965ஆம் ஆண்டுப் போராட்டம், 1967ஆம் ஆண்டுத் திருத்தம், 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றத்தின் இருமொழித் தீர்மானம் ஆகியவற்றைக் கண்ட அவைக்கு அவ்வாதத்தின் கூர்மை விளங்கியிருக்கும். பாரசீகம் நமக்கு முற்றிலும் கற்பனையான மொழியும் அன்று. 1751ஆம் ஆண்டு முற்றுகையில் இந்நகர்க் கோட்டையில் இருந்த வாலாசா முகமது அலியின் அரசவை மொழி அதுவே.

இந்நகரில் மொழி வெறும் வாதப்பொருளாக நின்றதில்லை. 1964 சனவரி 25ஆம் நாள் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சிராப்பள்ளி இரயில் நிலையத்தின் முன் தமிழுக்காகத் தீக்குளித்து மாண்டார். நாடகம் மேடையேறியது அதற்கு நான்கு ஆண்டுகளே கழித்து. எரிந்த உடலின் சாம்பல் ஆறுமுன் மொழிச் சிக்கலை நகைச்சுவையாக்கலாமா என்று கேட்பவரை நாம் குறுகிய நோக்கினர் எனத் தள்ளமாட்டோம். படம் மொழிக்காக உயிர் விட்டவரை எள்ளவில்லை. மொழியைக் காட்டிப் பதவி பெற்றவரையே எள்ளியது எனலாம். இவ்விடை பொருந்தும், ஆனால் முழுமையாகப் பொருந்தாது. பதவி பெற்றவர் படத்தில் உருவம் பெற்றனர். உயிர் விட்டவரும், அவரைப் போன்று பற்றுடன் நின்ற எளிய மக்களும் உருவம் பெறவில்லை. இரண்டு திறத்தாருள் ஒரு திறத்தாரை மட்டும் காட்டினால், மொழிப்பற்று என்பதே பதவிக்கான பொய் என்னும் எண்ணம் அவையோர்க்கு எஞ்சும். காட்டப்பட்டது பொய்யன்று, காட்டப்படாததனால் விளைந்தது பொய். பிரதிநிதி என்னும் சொல்லுக்குக் கலையிலும் ஆட்சியிலும் உள்ள இருபொருளும் ஈண்டு ஒன்றுபடுகின்றன. சட்டமன்றத்தில் ஒருவர்க்காகப் பேசுபவர் போலவே, திரையில் ஒருவர்க்காக நிற்பதும் பொறுப்பு.

இக்குறையை உணர ஐம்பது ஆண்டு கழித்து வந்த ஓர் அங்கதப் படம் உதவுகிறது. மடோன் அஸ்வின் இயக்கி 2021இல் வெளிவந்த ‘மண்டேலா’வில் சாதியால் இரண்டுபட்ட சிற்றூர் ஒன்றில் ஊராட்சித் தேர்தல் வருகிறது. இருபுறமும் வாக்கு ஒத்து நிற்க, ஊரார் பெயர் சொல்லியும் அழைக்காத முடிதிருத்துபவர் ஒருவரின் வாக்கே முடிவு செய்யும் நிலை ஏற்படுகிறது. அஞ்சலகக் கணக்கின்பொருட்டு அவர்க்குத் தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலாவின் பெயர் இடப்படுகிறது. அயல்நாட்டுப் பெரும்பெயர் ஒன்றைத் தமிழன் ஒருவன் தாங்குவது இரு படங்களுக்கும் பொது. துக்ளக் என்னும் பெயர் ஏற்றவன் தன் முகத்தை மறைத்தான். மண்டேலா என்னும் பெயர் பெற்றவனுக்கோ அப்பெயராலேயே முகம் கிடைத்தது. யோகி பாபு ஏற்ற அவ்வேடத்தில் எள்ளப்படுபவனே நகைப்பவனும் ஆகிறான்.

‘முகமது பின் துக்ளக்’கில் வாக்களிக்கும் மக்களுக்கு அவ்வாறான முகம் இல்லை, அவர்கள் ஆரவாரிக்கும் திரள். ஏதென்சின் டெமோஸ் முதுமை நீங்கி இளமை பெற்று, தன் மடமையை உணர்ந்து வெட்கினான். சோவின் திரள் எதனையும் உணரவில்லை. உண்மை உரைத்த பதூதா வேடத்தானை அடித்துக் கொன்றுவிட்டுத் துக்ளக்கை வாழ்த்துகிறது. மெய்யான இபின் பதூதா துக்ளக்கின் ஐயத்துக்கு ஆளாகிக் காவலில் நாள் கழித்தும் தப்பினான். 1341இல் தில்லியை விட்டு அகன்று, மதுரையையும் மாலத் தீவையும் சீனத்தையும் கண்டு, தாயகம் மீண்டு, துக்ளக் ஈகையிலும் கொலையிலும் ஒருங்கே மிக்கவன் என்பதை 1355ஆம் ஆண்டளவில் இபின் சுசை என்பவர் எழுதத் தான் சொல்லி முடித்தான்.